மீட்டர்காரனின் கடைசி வருகை

பதினோராம் பாகத்தில்
மீட்டர்காரனுக்கு ஒரு அம்மா இருந்தாள்.
அம்மாவுக்கு ஒரு பியானோ.
பியானோவின் மேல் ஒரு புகைப்படம்.
அங்கேயே தெரிந்துவிட்டது எனக்கு,
படம் போயிற்று என்று.

முப்பத்தாறு வருடம், பத்துப் படம்.
யார் அவன், எதற்குக் கொல்கிறான்,
ஒருவரும் சொன்னதில்லை.
சாம்பல் நிறத் தொப்பி. கையில் அட்டை, பென்சில்.
மூன்று முறை தட்டுவான்.
"மீட்டர் பார்க்கணும்" என்பான், மரியாதையாக.
நாம்தான் கதவைத் திறந்து
நிலவறைக்கு வழி காட்டுவோம்.
அவ்வளவுதான். அது போதும்.
முதல் பாகம் வந்த குளிர்காலத்தில்
தண்டர் பே ஊரில் மின் கம்பெனி ஆட்கள்
வாசலில் நின்று பெயரையும் தகப்பன் பெயரையும்
கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.
எங்கள் தெருவுக்கு வந்த ஹைக்கி கொர்ப்பெலா, பாவம்,
சொல்ல மறந்தார்.
என் தங்கை வீசிய உறைந்த மீன்
அவர் நெற்றியில் இன்னும் தழும்பாக இருக்கிறது.

ஓரெஸ்டும் நானும் ஒவ்வொரு பாகத்தையும்
முதல் வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுவோம்.
நான்காம் பாகத்தில் என் விரலில் மோதிரம்.
ஆறாம் பாகத்தில் வயிற்றுக்குள் டாரியா உதைத்தாள்,
சரியாக, அந்த மூன்றாவது தட்டலுக்கு.
ஏழு வருமுன் அவன் போய்விட்டான்.
ஒரு ஞாயிறு காலை
வாசல் பாதையில் பாதிப் பனியை அள்ளிவிட்டு
வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு.
ஏன் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை,
முதலில் கோபத்தில், பிறகு பழக்கத்தில்.

ஆனால் ஏழாம் பாகத்தின் வெள்ளிக்கிழமை
தியேட்டர் வாசலில் நின்றான்.
எங்கள் நடுவில் ஒரு காலி இருக்கை.
அதில் பாப்கார்ன் உட்கார்ந்தது.
எட்டு, ஒன்பது, பத்து,
வருடக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு
ஒரே இடத்தில் சேர்ந்து அலறுவோம்.
டாரியா இதைக் கிறுக்கு என்பாள்.
இருக்கட்டும்.

இன்றைக்குப் பதினொன்று.
அம்மா வாசிக்கிறாள், அப்பா அடிக்கிறார்,
பணம் கட்டாத வீட்டில் மின்சாரம் போகிறது,
குட்டி மீட்டர்காரன் இருட்டில் அழுகிறான்.
இருபது நிமிடம் அழுகிறான். வயலின் வேறு.
கடைசியில் கதாநாயகி தொப்பியைக் கழற்றி
"உன்னை மன்னித்தேன்" என்கிறாள்.
தொப்பிக்கு அடியில் சாதாரண வழுக்கை.
இதுவரை செத்த நூற்றி நான்கு பேரிடம்
யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
வெள்ளை வெளிச்சத்தில் கரைந்துபோகிறான்,
சோப்பு விளம்பரம்போல.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
ஓரெஸ்டின் வண்டியில் ஹீட்டர் சூடேறக் காத்திருந்தோம்.
"ஏமாத்திட்டானுங்க" என்றேன்.
மூக்கை உறிஞ்சினான். குளிர் என்று நினைத்தேன்.
அழுதுகொண்டிருந்தான், ஐம்பத்தைந்து வயது ஆம்பிளை.
"கடைசியிலாவது காரணம் சொன்னாங்களே, லோர்னா."
கையுறையைக் கழற்றினான்.
"அந்த ஞாயித்துக்கிழமை..."

நிறுத்தியிருக்கலாம்.
திரையைப் பார்த்துக் கத்துவோமே எல்லோரும்,
திறக்காதே, கதவைத் திறக்காதே என்று.
திறந்தேன்.

சின்னதாக இருந்தது.
கடன்கூட இல்லை. இன்னொருத்திகூட இல்லை.
பெட்ரோல் போடக் கிளம்பினானாம். போட்டானாம்.
வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சிக்னலில்
நேரே போகப் பச்சை விழுந்ததாம்.
போய்விட்டானாம்.
இருபத்திரண்டு வருடம்
அந்தக் காலி இடத்தில் நான்
தொப்பி போட்ட ஒருவனை அல்லவா
நிறுத்தி வைத்திருந்தேன்.

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல.
வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.
அடுத்த வெள்ளிக்கிழமை என்று ஒன்று இனி இல்லை.
இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

நிலவறைக்குப் போனேன்.
துணி துவைக்கும் இயந்திரம், டாரியாவின் பழைய ஸ்கேட்டுகள்,
சுவரில் புது டிஜிட்டல் மீட்டர்.
தன் கணக்கைத் தானே எங்கோ அனுப்பிவிடுகிறது.
பார்க்க யாரும் வருவதில்லை.
விளக்கை அணைத்துவிட்டு நின்றேன்,
பழையது வருமா என்று.
கொதிகலன் ஒரு முறை இருமியது.
பாதம் சில்லிட்டது.
மேலே வந்தேன்,
முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக
கடைசி நான்கு படிகளை
ஓடிக் கடக்காமல்.